வீட்டுக்கும் ஒன்றே! வெளியூருக்கும் ஒன்றே!

பையன் டெலிவிஷனில் விளையாடிக்கொண்டு இருக்கிறான். அப்பாவுக்குச் செய்தி பார்க்க வேண்டும். உடனே வீட்டில் சண்டை!

வீடியோ விளையாட்டு எந்திரம் இருக்கும் வீடுகளில் இது சகஜம். இந்தச் சண்டையைத் தீர்க்க, ஜப்பானில் ஒரு கம்பெனி வழி கண்டுபிடித்தது. கம்பெனியின் பெயர் "நின்டெண்டோ". கியோட்டோ நகரில் 1889-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அப்போது அது தயாரித்தது என்ன தெரியுமா? சீட்டுக்கட்டு!

விளையாட்டு எந்திரங்கள் பிறகு வந்தவை. அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, டெலிவிஷனோடு இணைத்து விளையாடுவது. மற்றொன்று, கையில் வைத்து விளையாடுவது. 1989-ல் வந்த "கேம் பாய்" கையில் வைத்து விளையாடும் வகை. இரண்டும் வேண்டும் என்றால், பெற்றோர் இரண்டு தடவை பணம் கொடுக்க வேண்டும். எந்திரமும் வேறு, விளையாட்டும் வேறு!

தோற்ற முயற்சி

"இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன?" என்ற எண்ணம் புதியது அல்ல. "சேகா" என்ற மற்றொரு ஜப்பான் கம்பெனி 1995-ல் அமெரிக்காவில் "நோமாட்" என்ற எந்திரத்தை விற்றது. வீட்டு எந்திரத்தில் போடும் விளையாட்டையே இதிலும் போடலாம். டெலிவிஷனிலும் இணைக்கலாம். ஆனால் 6 பாட்டரி போட வேண்டும். அவையும் சீக்கிரம் தீர்ந்துவிடும். யார் வாங்குவார்கள்?

நின்டெண்டோவும் அடிபட்டது. 2012-ல் அது "வீ யூ" என்ற எந்திரத்தைக் கொண்டுவந்தது. அதற்குக் கையில் பிடிக்கும் தனித் திரை உண்டு. அப்பா டெலிவிஷன் பார்க்கலாம். பையன் கைத்திரையில் விளையாடலாம். ஆனால் அடுத்த தெருவுக்குக் கொண்டுபோக முடியாது. பெட்டியை விட்டு விலகிப் போனால் படம் நின்றுவிடும்! அதற்கு முந்தைய "வீ" எந்திரம் 10 கோடி விற்றது. இதுவோ 1 கோடியே 35 லட்சம்தான்.

செருகினால் டெலிவிஷனில், உருவினால் கையில்!

புதிய எந்திரம் ஒன்று தயாராகிறது என்று 2015 மார்ச்சில் கம்பெனியின் தலைவர் சட்டோரு இவாட்டா அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில் இறந்துபோனார். வயது 55. எந்திரம் கடைக்கு வந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

2017 மார்ச் 3-ந் தேதி "சுவிட்ச்" வந்தது. அப்போது விலை 300 டாலர். 6.2 அங்குலத் திரை. ஒரு தாங்கியில் செருகினால் படம் டெலிவிஷனில் வரும். உருவினால் கைக்கு வந்துவிடும். விட்ட இடத்தில் இருந்தே விளையாடலாம்.

வேடிக்கை என்னவென்றால், தாங்கிக்குள் மூளை எதுவும் கிடையாது. மூளை முழுவதும் திரைக்குப் பின்னால் இருக்கிறது. மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும்போது அது வேகமாக வேலை செய்யும். பாட்டரியில் ஓடும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் கையில் தெரியும் படம் சற்று மட்டம்தான். முதலில் வந்த எந்திரத்தில் சில விளையாட்டுகளுக்கு பாட்டரி 3 மணி நேரம்தான் தாங்கியது.

ஜனங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. 15 கோடிக்கு மேல் விற்றுவிட்டது! 2025 ஜூனில் வந்த "சுவிட்ச் 2" எந்திரமும் இதே மாதிரிதான்.

வாங்கும் முன்...

ஒரே விளையாட்டை இரண்டு தடவை வாங்க வேண்டாம் என்பதால் எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. ஆனால் வேலை இரண்டு என்றாலும், எந்திரம் ஒன்றுதானே? அண்ணன் அதை ரெயிலில் எடுத்துக்கொண்டு போய்விட்டால், தங்கைக்கு மிச்சம் வெறும் தாங்கிதான்!

2019-ல் "சுவிட்ச் லைட்" வந்தது. அப்போது விலை 200 டாலர். இதை டெலிவிஷனில் இணைக்க முடியாது. ஒன்றாகச் சேர்த்த கம்பெனியே மறுபடியும் பிரித்துவிட்டது! இரண்டாவது பிள்ளைக்கு இது நல்லது. விலை குறைவு என்று முதல் எந்திரமாக வாங்கினால், டெலிவிஷனில் விளையாட வழி இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. டெலிவிஷனை அணைத்தால் விளையாட்டு முடிந்தது என்று முன்பு தாய்மார்கள் நிம்மதியாக இருந்தார்கள். இப்போது பிள்ளை எந்திரத்தை உருவிக்கொண்டு போர்வைக்குள் போய்விடுவான்!

இதற்கும் நின்டெண்டோ ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. பெற்றோர் தங்கள் செல்போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று அதில் குறிக்கலாம். ஆனால் நேரத்தைக் குறித்தால் மட்டும் போதாது. நேரம் முடிந்ததும் விளையாட்டை நிறுத்தும்படி தனியாக ஒரு கட்டளையும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் "நேரம் முடிந்தது" என்ற எச்சரிக்கை மட்டும் வரும். விளையாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.