ரோச் லைற்: பழையதா, புதியதா?

1990களில் வன்னிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடங்கியிருந்தது. வீட்டில் ரோச் இருந்தும் பயனில்லை. போத்தல் விளக்கே துணை. 2002இல் ஏ9 பாதை திறந்த பின்னரே நிலைமை மாறியது.

பழைய ரோச்சின் இழைக் குமிழ் மின்சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கும். ஆனால் குமிழையும் பற்றறியையும் நாமே மாற்றலாம். இன்றைய எல்.ஈ.டி. ரோச் குறைந்த மின்சக்தியில் கூடிய வெளிச்சம் தரும். ஆயினும் மலிவானவை பலவற்றில் சார்ஜ் செய்யும் பற்றறி உள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். அது பழுதானால் ரோச்சையே எறிய வேண்டியதுதான்.

பாம்புக்கும் யானைக்கும் பயந்து, இரவில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கும் மாங்குளத்துத் தாய்க்கு வெளிச்சம் ஆடம்பரமல்ல. ஆகவே விலை கேட்கும்போதே, "பற்றறி மாற்றலாமா?" என்றும் கேளுங்கள். மாற்றக்கூடிய எல்.ஈ.டி. ரோச்சே நல்லது. பாவிக்காத நாட்களில் பற்றறியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் ரோச் கெட்டுவிடும்.