ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, இரண்டு கட்டணம்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சந்தா வசூல் முடிந்து கடன் கோரிக்கை எடுத்தபோது ஒரு உறுப்பினர் எழுந்து, "பையன் இங்கிலாந்துக்குப் படிக்கப் போறான் மேடம். குழுவுல ஒரு லட்சம் வேணும். மிச்சத்துக்கு ஒன்றரை ஏக்கர் பத்திரத்தை பேங்குல வச்சுக்கிறோம்" என்றார். ஏஜென்ட் எழுதிக் கொடுத்த தாளையும் காட்டினார். வருடக் கட்டணம் 9,535 பவுண்டு என்று போட்டிருந்தது. பக்கத்தில் இருந்த பாட்டி, "அத்தனை பவுனுக்கு எங்கடி போவ?" என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஆனால் அந்தத் தொகை எனக்கு உறுத்தியது. காரணம், 2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்து அரசு தன் நாட்டு இளநிலை மாணவர்களுக்கு வைத்த உச்சவரம்பே அந்த 9,535 பவுண்டுதான். கூட்டம் முடிந்ததும் அந்தக் கல்லூரியின் கட்டணப் பட்டியலை செல்போனில் எடுத்துப் பார்த்தோம். அதே படிப்புக்கு இரண்டு வரி இருந்தது. உள்நாட்டு மாணவருக்கு 9,535. வெளிநாட்டு மாணவருக்கு 17,000. ஏஜென்ட் முதல் வரியை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஒரு பவுண்டு 115 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். முதல் தொகை சுமார் 11 லட்சம், இரண்டாவது சுமார் 19.5 லட்சம். வருஷத்துக்கு 8.5 லட்சம் வித்தியாசம். மூன்று வருடப் படிப்புக்கு 25 லட்சத்துக்கு மேல் துண்டு விழும். முதல் வருஷம் கட்டிவிட்டு இரண்டாம் வருஷம் எங்கே போவது?

ஏன் இப்படி இரண்டு விலை? நம்ம ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். கார்டு உள்ளவருக்கு அரசு தன் பணத்தைப் போட்டு அரிசி கொடுக்கிறது. கார்டு இல்லாதவர் வந்து கேட்டால் கொடுக்குமா? அதே மாதிரிதான். அந்த ஊர் மக்கள் வரி கட்டுகிறார்கள், அதனால் அவர்கள் பிள்ளைகளுக்கு அரசு விலையைக் கட்டுப்படுத்துகிறது, கட்டணத்துக்குக் கடனும் கொடுக்கிறது. 1998 வரை அவர்களுக்கு கட்டணமே கிடையாது. வெளிநாட்டு மாணவரிடமோ 1980களிலிருந்தே முழுச் செலவையும் வாங்குகிறார்கள், அதற்கு உச்சவரம்பும் இல்லை. இன்றைக்கு பல பல்கலைக்கழகங்கள் உள்நாட்டு மாணவரால் வரும் நஷ்டத்தை வெளிநாட்டு மாணவர் பணத்தில்தான் ஈடுகட்டுகின்றன. நம்ம நிலத்துப் பணம் அங்கே போகிறது என்பது எனக்கு வருத்தம்தான்.

"என் தம்பி லண்டன்ல இருக்கான், அவன் மூலமா குறைக்க முடியாதா?" என்று ஒருவர் கேட்டார். முடியாது. சொந்தக்காரர் இருப்பது கணக்கில் வராது. பொதுவாக, மாணவர் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமையோடு, படிப்புக்கு முன் மூன்று வருடமாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். பக்கத்து ஐரோப்பிய நாட்டுப் பிள்ளைகளே 2021 முதல் அந்தச் சலுகையை இழந்துவிட்டார்கள்.

கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவ வரி வருஷத்துக்கு 776 பவுண்டு வீதம் எல்லா வருஷத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். சாப்பாடும் வாடகையும் தனி.

எல்லா நாடும் இப்படி இல்லை. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் நம்ம பிள்ளைக்கும் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் 2017 முதல் ஆறு மாதப் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்குகிறது. ஆனால் சாப்பாட்டுச் செலவுக்கு வருஷத்துக்கு 11,904 யூரோ (2024 செப்டம்பரில் வைத்த அளவு) முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்ட வேண்டும். அது நம்ம பணம்தான், மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம். இளநிலைப் படிப்பு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். நம்ம பிளஸ் டூ மட்டும் இருந்தால் நேரடியாக இடம் கிடைப்பதும் கஷ்டம்.

வங்கிக் கல்விக்கடன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்பென்றால் செலவில் 15 சதவீதம் நாம் கைப்பணம் போட வேண்டும். ஆக, கட்டணத்தைத் தப்பாகச் சொன்னால் பத்திரத்தை வைத்தும் பணம் போதாது.

அதனால் ஏஜென்டிடம் "கட்டணம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இது வெளிநாட்டு மாணவருக்கான கட்டணமா? அடுத்த வருஷம் ஏறுமா?" என்று கேளுங்கள். கல்லூரி அனுப்பும் சேர்க்கைக் கடிதத்தில் மாணவரின் வகையும் தொகையும் அச்சில் இருக்கும். படித்த பிள்ளை யாரையாவது வைத்து அதைப் படிக்கச் சொல்லுங்கள். கடிதம் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அந்த உறுப்பினரின் கோரிக்கையை குழு தள்ளுபடி செய்யவில்லை, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்து தீர்மானம் எழுதியிருக்கிறது. ஏஜென்டிடம் கடிதம் கேட்டிருக்கிறார். "ரெண்டு நாள்ல தர்றேன்" என்றவர் இரண்டு வாரமாக போன் எடுக்கவில்லையாம். பத்திரம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.