பத்து காசுகளும் ஐந்து ஜாடிகளும்

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள், அமெரிக்காவில் ஏப்ரல் 15. அதையொட்டித் தபால் நிலைய வாசல்களில் அமைதி இயக்கத்தினர் மேசை போடுவது அங்கே பழைய வழக்கம். மேசைமேல் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நிற்கும். கல்வி, மருத்துவம், வீட்டுவசதி, சுற்றுச்சூழல், ராணுவம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. அவ்வழியே போகிறவர் கையில் பத்து ஒரு சென்ட் காசுகளைக் கொடுத்து, அவருடைய வரிப்பணத்தை அவரே பங்கிட்டால் எதில் எவ்வளவு போடுவார் என்று கேட்பார்கள். இதற்கு ‘பென்னி போல்’ என்று பெயர். கடைசியில் காசுகளை எண்ணி, அரசு செலவிடும் விகிதத்தோடு ஒப்பிட்டுத் துண்டறிக்கை போடுவார்கள். பிரிட்டனிலும் ‘டிரைடன்ட்’ அணு ஏவுகணைத் திட்டத்தை எதிர்ப்பவர்கள் கடைவீதிகளில் மேசை போட்டு மக்களிடம் கருத்துக் கேட்பதுண்டு. இப்படித் தெருவில் கேட்டு அறிவதை நாட்டின் கருத்து என்று சொல்ல முடியுமா?

முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுவது நல்லது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். சமூகம் அப்படி வேகும் பானை அல்ல. 1936-இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை ஒரு கோடி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட், அன்றிருந்த 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம். தொலைபேசியும் காரும் வைத்திருந்த வசதியானவர்களின் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலான முகவரிகள் எடுக்கப்பட்டிருந்தன. பதில் எழுத முனைந்தவர்களும் ஒரு சாராராகவே இருந்தார்கள். மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் முடிவைச் சரியாகக் கணித்தார். அணு ஆயுத எதிர்ப்புப் பதாகைக்குக் கீழே போட்ட மேசைக்கும் இதே குறை உண்டு. பதாகையைப் பார்த்ததுமே பாதிப் பேர் விலகி நடந்துவிடுவார்கள். நின்று காசு போடுகிறவர்களில் ஏற்கெனவே உடன்பட்டவர்களே அதிகம் இருப்பார்கள்.

அப்படியானால் முறையான கருத்துக்கணிப்பே போதுமா? அங்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2005-இல் கிரீன்பீஸ் அமைப்புக்காக பிரிட்டனில் நடந்த ஒரு கணிப்பில், டிரைடன்டுக்குப் பதில் புதிய அணு ஆயுதம் வேண்டுமா என்று கேட்டபோது ஆதரவும் எதிர்ப்பும் ஏறக்குறைய சரிசமமாக இருந்தன. ஆகும் செலவையும், அந்தப் பணத்தில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகள் கட்டலாம் என்பதையும் சேர்த்துக் கேட்டதும் ஆதரவு சரிந்தது. எதிர்ப்பு பாதியைத் தாண்டியது. பள்ளிகளைப் பற்றிச் சொன்னது பதிலைத் தூண்டும் கேள்வி என்று குறை கூறலாம். செலவைச் சொல்லாமல் கேட்பதும் ஒரு பக்கம் சாய்ந்த கேள்விதான். விலையே போடாத பொருளை வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்று சொல்வது எளிது. தெருமேசையின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. பத்து காசுதான் கையில். ஒரு ஜாடியில் போட்டது இன்னொன்றுக்குக் கிடைக்காது. நாடாளுமன்றம் பட்ஜெட்டில் செய்யும் வேலையைக் குடிமகன் இரண்டு நிமிடம் தன் கையால் செய்து பார்க்கிறான்.

இதற்கு இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, ஜாடிகள் செலவைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன என்பது. டிரைடன்ட் ஏவுகணைகளைச் சுமக்கும் புதிய நான்கு நீர்மூழ்கிகளுக்கு 3,100 கோடி பவுண்டு, எதிர்பாராத செலவுக்கு மேலும் 1,000 கோடி என்று 2015-இல் பிரிட்டன் அரசு கணக்கிட்டது. பல பத்தாண்டுகளுக்குப் பரப்பினால் ஆண்டுதோறும் மொத்த அரசுச் செலவில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான் என்பது அரசுத் தரப்பின் வாதம். அது நியாயமான வாதம். பத்து காசில் இவ்வளவு சிறிய பங்கைக் காட்டவே முடியாது. ஆகவே மேசை போடுகிறவர்கள் உண்மைத் தொகையையும் கால அளவையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். பங்கு சிறியது என்பதாலேயே கேள்வி கேட்கக் கூடாது என்றாகிவிடாது. அணு ஆயுத ஒழிப்புக்கான ‘ஐகேன்’ அமைப்பின் கணக்குப்படி, 2024-இல் அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளும் சேர்ந்து அவற்றுக்குச் செலவிட்டது 10,000 கோடி டாலருக்கும் மேல். இரண்டாவது மறுப்பு, பாதுகாப்பு விவகாரம் நிபுணர்களுக்கே உரியது, தெருவில் போகிறவருக்கு என்ன தெரியும் என்பது. எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் பாயும் என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும். பாதுகாப்புக்காக எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதோ விருப்பு, மதிப்பு சார்ந்த முடிவு. அதில் வரி கட்டுகிறவருக்கும் பேச இடமுண்டு. 2016 ஜூலையில் பிரிட்டன் நாடாளுமன்றம் 472-க்கு 117 என்ற வாக்குகளில் புதிய நீர்மூழ்கிகளுக்கு ஒப்புதல் தந்தது. அங்கே வாக்களித்தவர்களில் பெரும்பாலோரும் அணு விஞ்ஞானிகள் அல்லர்.

தெருவில் தொடங்கியது வாக்குப்பெட்டி வரை போனதற்கும் வரலாறு உண்டு. அணு ஆயுத உற்பத்தியை அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒருசேர நிறுத்த வேண்டும் என்ற இயக்கத்துக்கு 1980-இல் அமெரிக்க ஆய்வாளர் ராண்டால் ஃபோர்ஸ்பர்க் கோரிக்கை வரைந்தார். தன்னார்வலர்கள் வீடுவீடாகவும் கடைவாசல்களிலும் கையெழுத்து வாங்கினார்கள். 1982-இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது வாக்கெடுப்புக்கே வந்தது. விஸ்கான்சினில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்தனர்; கலிஃபோர்னியாவில் 52 விழுக்காட்டினர்; அரிசோனா நிராகரித்தது. மேசையில் நின்று பேசியவர்களின் பதில்களை மட்டும் நம்பியிருந்தால் அரிசோனாவின் மறுப்பும், கலிஃபோர்னியாவில் வித்தியாசம் எவ்வளவு குறைவு என்பதும் தெரிந்திருக்காது. மேசைகளே இல்லாமல் போயிருந்தால் அந்த வாக்கெடுப்புகளே நடந்திருக்காது.

எனவே, தெருக்கணிப்பு நடத்துகிறவர்கள் ‘மக்களில் இத்தனை விழுக்காடு எதிர்ப்பு’ என்று தலைப்புப் போடுவதை நிறுத்தினால் அவர்களுக்கே நல்லது. எந்த இடத்தில், எத்தனை பேரிடம், என்ன வார்த்தைகளில் கேட்டோம் என்று சொல்லட்டும். அதே கேள்வியை, செலவையும் மாற்றுவழிகளையும் சேர்த்து, முறையான கணிப்பிலும் நாடாளுமன்றத்திலும் கேட்கும்படி வற்புறுத்தட்டும். அந்தக் கோரிக்கையை எந்தப் புள்ளியியல் வல்லுநராலும் குறை சொல்ல முடியாது.