திரைக்கு வராத ‘பீதி’

காட்டு மிருகங்கள் கூண்டை உடைத்துக்கொண்டு வெளியேறும் காட்சி சினிமாப் பிரியர்களுக்குப் புதியதன்று. சிங்கமும் புலியும் தெருவில் இறங்கும். மக்கள் அலறி ஓடுவர். கதாநாயகன் தனியனாய் நின்று அவற்றை அடக்குவான். படமாளிகையிலுள்ள சிறுவர்கள் கைதட்டி ஆரவாரிப்பர். இத்தகைய வீரசாகசப் படமொன்றைக் கண்டு ஓர் அரசாங்கம் அஞ்சியது என்றால் நம்புவது கடினமே. ஆயினும், ஐரோப்பாவையே நடுங்கவைத்த ஹிட்லரின் அரசாங்கம் 1943ஆம் ஆண்டில் அவ்வாறுதான் அஞ்சியது. அந்தப் படத்தின் பெயர் ‘பானிக்’. தமிழிற் சொல்வதானால் ‘பீதி’.

சாகச நாயகர்

படத்தை இயக்கியவர் ஹரி பீல். கதாநாயகராக நடித்தவரும் அவரே. 1892இல் ஜேர்மனியின் டுஸல்டோர்ப் நகரில் பிறந்த இவர், மௌனப்பட காலத்திலேயே பெரும் புகழ் ஈட்டியவர். வெடிவிபத்தும், துரத்தலும், பாயும் புலியும் இல்லாத ஹரி பீல் படத்தைக் காண்பது அரிது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை உருவாக்கிய அவரை ஜேர்மனியச் சிறுவர்கள் தெய்வமாகக் கொண்டாடினர். மிருகங்களோடு பழகுவதில் அவருக்குத் தனி விருப்பமிருந்தது. 1936இல் வெளிவந்த ‘காடு அழைக்கிறது’, 1938இல் சர்க்கஸ் வாழ்வை வைத்து எடுத்த ‘மனிதர், விலங்குகள், பரபரப்புகள்’ ஆகிய படங்கள் அதற்குச் சான்று.

ஹரி பீல் அரசாங்கத்தின் எதிரியல்லர். 1933ஆம் ஆண்டிலேயே நாஸிக் கட்சியிற் சேர்ந்தவர். புரட்சி செய்யவோ, போரைக் கண்டிக்கவோ அவர் படமெடுக்க முற்படவில்லை. சனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கத்தக்க ஒரு சாகசப் படம் வேண்டும். அவ்வளவே அவரது நோக்கம். பின்னர் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்வதற்கு இவ்விஷயத்தை நினைவில் இருத்துவது அவசியம்.

‘பீதி’ மிருகக்காட்சிச்சாலை ஒன்றைக் களமாகக் கொண்ட கதை. காட்டு விலங்குகளைப் பிடித்து வரும் தீரராகப் பீல் தோன்றினார். டொரோத்தேயா வீக், ரூத் எவெலர் ஆகியோர் அவருடன் நடித்தனர். கதையின் உச்சத்தில் பகைவர் விமானங்கள் நகரின்மீது குண்டு பொழிகின்றன. கூண்டுகள் தகர்கின்றன. அஞ்சி வெருண்ட மிருகங்கள் வெளியே பாய்கின்றன.

காட்சியைக் காலம் முந்தியது

இப்படத்தின் வேலைகள் 1940இல் ஆரம்பித்து 1943 வரை நீடித்தன. அந்த இடைக்காலத்திலேதான் எல்லாம் தலைகீழாய் மாறின. 1940இல் ஜேர்மனி வெற்றிமேல் வெற்றி பெற்றுக்கொண்டிருந்தது. குண்டுவீச்சென்பது ஜேர்மனியர் பிறர்மீது நடத்தும் காரியமாயிருந்தது. படம் முடிவடைந்த 1943இலோ நிலைமை வேறு. அவ்வாண்டு ஜூலை மாத இறுதியில் ஹாம்பேர்க் நகரம் தீக்கிரையாகி, 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நகரின் புகழ்பெற்ற ஹாகன்பெக் விலங்குப் பூங்காவும் கடுஞ்சேதமுற்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் கற்பனையாகத் தொடங்கிய கதை, படம் முடிவதற்குள் நாள்தோறும் காணும் நடப்பாகிவிட்டது.

அக்காலத்து ஜேர்மனியில் படமெடுப்போருக்குச் சுதந்திரம் இருக்கவில்லை. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கதைவசனத்தையே முன்கூட்டி அரசாங்கத்திடம் காட்டி அனுமதி பெறவேண்டும். 1936இல் கலை விமர்சனமும் தடைசெய்யப்பட்டது. 1942இல் படத்தொழில் முழுவதும் அரசின் உடைமையான ஒரே பெருநிறுவனத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாகப் பிரசார மந்திரி கொயபெல்ஸ் வீற்றிருந்தார். யுத்தம் முற்ற முற்ற, மக்கள் படமாளிகைகளை மொய்த்தனர். கவலையை மறக்கச் செய்யும் காதற்கதைகளும் சங்கீதப் படங்களுமே அவர்களுக்கு ஏற்றவை என்பது மந்திரியின் கணிப்பு.

இந்நிலையில் ‘பீதி’ தணிக்கையாளர் முன் சென்றது. விமானத் தாக்குதலின் விளைவுகளை மிகவும் தத்ரூபமாகக் காட்டுகிறது என்ற காரணத்தால் படம் தடுக்கப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு படத்துக்கும் இக்கதியே நேர்ந்தது. ஆங்கிலேயரைத் தூற்றுவதற்கென்றே பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட ‘டைட்டானிக்’ 1943 நவம்பரில் பாரிஸ் நகரிலே திரையிடப்பட்டது, ஜேர்மனியிலோ காட்டப்படவில்லை. மூழ்கும் கப்பலில் சனங்கள் முண்டியடித்து அலறுவது, ஜேர்மனியருக்குத் தம் நகரங்களை நினைவூட்டிவிடும் அல்லவா?

கற்பனை நிஜமானது

படத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாம்; குண்டுகளைத் தடுக்க முடியுமா? 1843இல் அல்ல, அதற்கடுத்த ஆண்டான 1844இல் திறக்கப்பட்ட பேர்லின் மிருகக்காட்சிச்சாலை ஜேர்மனியிலேயே மிகப் பழையது. ‘பீதி’ தடைப்பட்ட அதே 1943இல், நவம்பர் 22ஆம் திகதி இரவு, பேர்லின்மீது நிகழ்ந்த பெருந்தாக்குதலில் அச்சாலை பற்றியெரிந்தது. யானைகளின் இல்லம் இடிந்து, உள்ளிருந்த யானைகளிற் பெரும்பாலானவை மாண்டன. மறுநாள் இரவு நீர்வாழ் உயிரினங்களின் கட்டடமும் நேரடிக் குண்டுக்கு இலக்கானது. சிங்கங்கள் வீதிகளில் உலவுகின்றன என்ற வதந்தி நகரெங்கும் பரவியது. திரையில் மறைக்கப்பட்ட காட்சியை மக்கள் தம் வாய்மொழியாலேயே உண்டாக்கிக்கொண்டனர்.

உண்மை அந்த வதந்தியைவிடத் துயரமானது. தப்பியோடி மனிதரைத் தாக்கிய மிருகங்களைவிட, ஓட வழியின்றிக் கூண்டுக்குள்ளேயே கருகிய மிருகங்களே மிகப்பல. போருக்கு முன் அங்கிருந்த 3,715 உயிர்களில் யுத்த முடிவில் எஞ்சியவை 91 மாத்திரமே. சியாம் என்ற ஆண்யானையும், 1943இலேயே பிறந்த க்னௌட்ஷ்கே என்ற நீர்யானையும் அவற்றுட் சேரும். 1945இல் அந்தச் சாம்பல் மேட்டின் பொறுப்பை ஏற்றவர் கத்தரீனா ஹைன்ரோத் என்னும் பெண்மணி. அவரே 1956 வரை இயக்குநராயிருந்து சாலைக்கு மறுவாழ்வளித்தார். க்னௌட்ஷ்கே 1988 வரை வாழ்ந்தது.

மற்ற நாடுகளில்

மிருகங்கள் வெளியேறிவிடும் என்ற அச்சம் ஜேர்மனிக்கு மாத்திரம் உரியதன்று. 1939 செப்டெம்பரில் போர் மூண்டபோது, இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் நச்சுப் பாம்புகள் முன்னெச்சரிக்கையாகக் கொல்லப்பட்டன. தோக்கியோவின் உவெனோ பூங்காவில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. 1943 ஆகஸ்டில் நகர ஆளுநரின் கட்டளைப்படி அபாயமான விலங்குகள் கொல்லப்பட்டன. அங்கிருந்த மூன்று யானைகளும் பட்டினி போடப்பட்டு இறந்தன. செப்டெம்பர் 4ஆம் திகதி இறந்த மிருகங்களுக்கு அஞ்சலிக் கூட்டம் நடைபெற்றபோது, அவற்றுள் இரண்டு யானைகள் இன்னும் உயிருடனிருந்தன. திரைச்சீலைக்குப் பின்னால் அவை மறைக்கப்பட்டிருந்தன! அப்போது தோக்கியோ நகர்மீது பெருந்தாக்குதல்கள் ஆரம்பிக்கவே இல்லை. போரின் கொடுமைக்கு மக்களின் மனத்தை ஆயத்தஞ்செய்ய மிருகங்களின் சாவு அங்கு பயன்பட்டது. யுத்தம் முடிந்தபின் 1949இல், ஜப்பானியச் சிறுவர்களின் வேண்டுகோளுக்கிணங்கி, பாரதப் பிரதமர் நேரு தம் மகளின் பெயரைத் தாங்கிய இந்திரா என்ற யானையை அந்தப் பூங்காவுக்கு அன்பளிப்பாக அனுப்பினார்.

ஓர் அரசு விலங்குகளின் சாவை விளம்பரப்படுத்தியது. மற்றோர் அரசு அதைக் கற்பனையாகக் காட்டுவதையும் தடுத்தது. வழிகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே. மக்கள் எதைக் காணலாம், எதை எண்ணலாம் என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டுமென்பதே அது.

யாரிடமிருந்து மறைத்தனர்?

‘போர்க்காலத்தில் எந்த அரசாங்கமும் தணிக்கை செய்யத்தானே செய்யும்? மக்களின் மனோதைரியத்தைக் காப்பது குற்றமா?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. படைகளின் நடமாட்டத்தைப் பகைவரிடமிருந்து மறைப்பதை எவரும் குறைகூறார். ஆனால் ‘பீதி’யைத் தடுத்தவர்கள் பகைவரிடமிருந்து எதையும் மறைக்கவில்லை. குண்டுபோட்டவனுக்கு அதன் விளைவு தெரியும். நேற்றிரவு நிலவறையில் குழந்தையை அணைத்தபடி கிடந்த தாய்க்கும் அது தெரியும். அவளுக்குத் தெரிந்ததையே அவளிடமிருந்து மறைக்க முயன்றனர்.

இது பேதைமையாகத் தோன்றலாம். எனினும் அதிலே ஒரு தந்திரம் உண்டு. நிலவறையின் இருளில் ஒருத்தி படும் துன்பம் அவளுடைய தனித்துன்பம். அதே துன்பத்தைப் படமாளிகையில் ஐந்நூறு பேர் ஒருங்கிருந்து பார்த்தால், அது ஊரின் துன்பமாகிவிடுகிறது. ‘எனக்கு மட்டுமன்று, எல்லோருக்கும் தெரியும்’ என்ற உணர்வு பிறக்கிறது. ‘இது எதற்காக?’ என்ற கேள்வி அடுத்தபடியாக எழும். சர்வாதிகாரி அஞ்சுவது சிங்கத்துக்கன்று, இந்தக் கேள்விக்கே. அதனாலேதான் தன் கட்சிக்காரர் ஒருவர் எடுத்த சாதாரண சாகசப் படமும் அவனுக்கு ஆபத்தாகப்பட்டது.

பத்தாண்டுகள் கழிந்து, 1953இல், ‘தகர்ந்த கம்பிகள்’ என்னும் பொருளுடைய புதுப்பெயரோடு அந்தப் படம் வெளிவந்தது. அப்போது அதைத் தடுக்க எவருமிலர், நடுங்குவோருமிலர். ஹரி பீலின் பொற்காலமும் முடிந்திருந்தது. 1963இல் மியூனிக் நகரில் அவர் காலமானார்.

நம் நாட்டுத் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்கும் இக்கதையில் வரும் ஹாகன்பெக் குடும்பத்துக்கும் தொடர்புண்டு. ஹாம்பேர்க் பூங்காவை 1907இல் நிறுவிய கார்ல் ஹாகன்பெக்கின் மாற்றாந்தாய்ச் சகோதரரான ஜோன் ஹாகன்பெக் கொழும்பில் வாழ்ந்து, தெகிவளையில் விலங்குகளைச் சேர்த்து வைத்தவர். 1936இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. அங்கே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், சிங்கத்தின் வீரத்தைச் சொல்வதோடு நின்றுவிடாமல் பேர்லினின் 91 உயிர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லலாம். மனிதரின் சண்டையில் எப்பக்கமும் சேராத அப்பிராணிகள், அபாயச் சங்கு ஊதியபோது ஓடி ஒளிய இடமின்றி நின்றன. அவற்றைப் பூட்டிய கையே அவற்றின் அழிவைப் பற்றிய பேச்சையும் பூட்ட முயன்றது. குழந்தைகள் இதை அறிந்துகொண்டால், கம்பிகளுக்கு அப்பால் நிற்கும் உயிரைச் சற்று இரக்கத்தோடு நோக்குவார்கள்.