மாசிப்பத்திரி: கேட்டு வருவோருக்கு என்ன சொல்லி விற்பது?

கொரியாவிலிருந்து வரும் முகப்பூச்சுகளில் ‘மக்வார்ட்’ என்ற பெயரைக் காண்கிறோம். அரிப்பையும் சிவப்பையும் தணிக்கும் மூலிகைச் சாறு என்பது விளம்பரம். மல்லாங்கிணறு போன்ற நம் ஊர்க் கடைகளிலும் வாடிக்கையாளர் விளக்கம் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

இது நமக்கு முற்றிலும் புதிய சரக்கல்ல. நாட்டு மருந்துக் கடையில் உள்ள மாசிப்பத்திரியும், பூக்கடையில் உள்ள மரிக்கொழுந்தும் இதே ‘ஆர்ட்டிமீசியா’ இனத்தைச் சேர்ந்தவையே. நீலகிரி மலையில் வளர்வது ‘நீலகிரிக்கா’ வகை. கொரியாவில் பெரிதும் வழங்குவது ‘பிரின்செப்ஸ்’ வகை. உறவுதான்; ஒன்றல்ல. ஆகவே ஒன்றின் பெயரில் மற்றொன்றை விற்கலாகாது.

இலையைத் தண்ணீரிலோ சாராயத்திலோ ஊறவைத்து, அதன் சத்தைப் பிரித்தெடுப்பதே சாறு. இதிலுள்ள ஃபிளேவனாய்டு என்னும் பொருள்கள் அழற்சியைக் குறைப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. மனிதத் தோலில் செய்த ஆய்வுகளோ குறைவு. எனவே ‘இதமளிக்கும்’ என்று சொல்லலாம். ‘குணமாக்கும்’ என்று சொல்லக் கூடாது.

சரக்கு எடுக்கும்போது லேபிளைப் படிக்க வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்த்த பொருள்களை அளவு இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. பெட்டியின் முகப்பில் பெரிதாக உள்ள மூலிகை, பட்டியலின் கடைசியில் இருந்தால் அதன் அளவு சொற்பம் என்று அறியலாம். வெளிநாட்டுச் சரக்கில் இறக்குமதிப் பதிவு எண்ணும், இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும். இவை இல்லாத சரக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

செவ்வந்தியும் பார்த்தீனியமும் இச்செடியின் குடும்பத்தவை. அவை ஒத்துக்கொள்ளாதவருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாள் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் பகுதிக்கென ஓர் எச்சரிக்கை உண்டு. பட்டாசு ஆலைகளில் வேலை செய்வோர் நம் வாடிக்கையாளர்கள். ‘தோலுக்கு இதம்’ என்ற சொல்லை நம்பி, தீக்காயத்துக்கு இதைக் கேட்டால் தரக் கூடாது. தீக்காயத்துக்கு உடனே செய்ய வேண்டியது, இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுவது, பிறகு மருத்துவமனை. கையில் ஆறாத அரிப்பு, வெடிப்பு உள்ளவர்களையும் டாக்டரிடம் அனுப்புவதே முறை.

இன்னொன்று: அழகுப் பொருளைச் சில்லறையில் விற்கத் தனி மருந்து உரிமம் தேவையில்லை. ஆனால் மாசிப்பத்திரியை அரைத்தோ, மொத்தமாக வாங்கிய பூச்சைச் சிறு டப்பாவில் அடைத்தோ, நம் பெயரில் லேபிள் ஒட்டி விற்றால், 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுப் பொருள் சட்டப்படி அது தயாரிப்பாகும். அதற்கு உரிமம் கட்டாயம்.

ஒரு டப்பாவில் கிடைக்கும் லாபம் சில ரூபாய். உள்ளதை உள்ளபடி சொல்லி விற்கும் கடை என்ற பெயர், தலைமுறைக்கும் நிற்கும் முதலாகும்.