கேட்கத் தெரிந்தால் கிடைக்கும்: கிழக்கேகோட்டை நிகழ்ச்சிகளைக் கணிப்பொறியில் தேடும் முறை



கிழக்கேகோட்டையைச் சுற்றி வாழும் நமக்கு ஒரு வசதி உண்டு. பத்மநாபசுவாமி கோயிலில் கொடி ஏறிவிட்டதா, நவராத்திரி மண்டபத்தில் இன்று யார் பாட்டு, ஆற்றுகால் பொங்காலைக்கு எந்தச் சாலையை அடைக்கப் போகிறார்கள் என்பதையெல்லாம் காய்கறி வாங்கச் சாலைக்கடைத் தெருவுக்குப் போய்வரும் நேரத்திலேயே தெரிந்து கொண்டு விடுவோம். ஆனால் பெங்களூரிலும் துபாயிலும் டல்லாஸிலும் இருக்கும் நம் பிள்ளைகள் நிலை அப்படி இல்லை. பத்து நாள் லீவில் வருகிறார்கள். வருவதற்கு முன் கணிப்பொறியில் தேடுகிறார்கள். "ஒன்றும் இல்லையே அப்பா" என்கிறார்கள். இங்கே வந்து இறங்கினால் ஊரே திருவிழாவில் இருக்கிறது!

குறை பெரும்பாலும் கணிப்பொறியில் இல்லை. கேட்கும் முறையில் இருக்கிறது. சில சமயம் தகவலை எழுதி வைத்த முறையில் இருக்கிறது. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த விஷயத்தை எளிமையாக விளக்க முயல்கிறேன்.

ஏ.பி.ஐ. என்பது ஒரு விசாரணைக் கவுண்டர்

நாம் ஒரு வலைத்தளத்தைத் திறந்து படங்களுடன் பார்ப்பது மனிதர்களுக்காகச் செய்த ஏற்பாடு. அதே தகவலை ஒரு கணிப்பொறி நிரல் இன்னொரு கணிப்பொறியிடம் கேட்டு வாங்குவதற்கு அமைத்திருக்கும் வழிக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். ஸ்டேஷனில் இருக்கும் விசாரணைக் கவுண்டரைப் போல என்று வைத்துக் கொள்ளலாம். கவுண்டருக்குள் இருப்பவர் அலமாரியைத் திறந்து காட்ட மாட்டார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். கேள்வியையும் அவர் வைத்திருக்கும் படிவப்படிதான் கேட்க வேண்டும்.

இங்கே படிவம் என்பது வலை முகவரிதான். முகவரியில் கேள்விக்குறி போட்டு, அதற்குப் பிறகு நம் நிபந்தனைகளை வரிசையாக எழுதுகிறோம். எந்த நாள் முதல், எந்த நாள் வரை, எந்தச் சொல், எத்தனை முடிவுகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். இந்த நிபந்தனைகளைத்தான் ஃபில்டர், அதாவது வடிகட்டி என்கிறார்கள். பல சேவைகளில் ஒரு சாவி எண்ணும் தருவார்கள். அதை வீட்டுச் சாவி போலவே வைத்துக்கொள்ள வேண்டும். பிறர் கண்ணில் படவிடக் கூடாது.

வடிகட்டியின் குணம் ஒன்றை முதலிலேயே மனதில் வைப்பது நல்லது. அது எதைத் தள்ளியது என்று நமக்குச் சொல்லாது. "வண்டி இல்லை" என்பதற்கும் "நீங்கள் கேட்ட நேரத்தில் வண்டி இல்லை" என்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பதிலில் தெரியாது. இரண்டுக்கும் வெறும் பட்டியல்தான் வரும்.

தொடங்குவதா, நடந்து கொண்டிருப்பதா?

பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்டுக்கு இரண்டு பெரிய உற்சவங்கள், பங்குனியிலும் ஐப்பசியிலும். ஒவ்வொன்றும் பத்து நாள். ஐப்பசி உற்சவம் அத்தம் நட்சத்திரத்தில் தொடங்கித் திருவோணத்தில் ஆறாட்டோடு முடியும். 2022-ஆம் ஆண்டில் ஆறாட்டு நவம்பர் 1 அன்று வந்தது. அதாவது உற்சவத்தின் முதல் நாள் அக்டோபர் 23.

அந்த ஆண்டு ஒரு குடும்பம் அக்டோபர் 29-ஆம் தேதி வந்து நவம்பர் 3 அன்று திரும்புவதாக வைத்துக் கொள்வோம். "29 முதல் 3-க்குள் தொடங்கும் நிகழ்ச்சிகள்" என்று கேட்டால் இந்த உற்சவம் பட்டியலில் வராது. அது 23-ஆம் தேதியே தொடங்கிவிட்டது அல்லவா? சரியான கேள்வி இப்படி இருக்க வேண்டும்: நான் வந்த பிறகு முடிவது, நான் கிளம்பும் முன் தொடங்குவது. இந்த இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால், நாம் ஊரில் இருக்கும் நாட்களைத் தொடுகிற எல்லா நிகழ்ச்சியும் வந்துவிடும்.

கூகுள் காலண்டரின் ஏ.பி.ஐ. இந்த முறையில்தான் அமைந்திருக்கிறது. அதில் 'டைம்மின்' என்பது நிகழ்ச்சி முடியும் நேரத்தோடும், 'டைம்மேக்ஸ்' என்பது நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தோடும் ஒப்பிடப்படுகிறது. எல்லாச் சேவைகளும் இப்படி இல்லை. ஆகவே எந்தச் சேவையைப் பயன்படுத்தினாலும், நாள் வடிகட்டி தொடக்கத்தைப் பார்க்கிறதா முடிவைப் பார்க்கிறதா என்று அதன் விளக்கத்தில் படித்துத் தெரிந்துகொள்வது அவசியம்.

எந்த ஊர் நள்ளிரவு?

அடுத்தது நேரம். நம் நாட்டு நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. கோயிலில் நிர்மால்ய தரிசனம் அதிகாலை 3.30 மணிக்கு. பொது நேரத்தில் அது முதல் நாள் இரவு 10 மணி! பொது நேரத்தை வைத்து "10-ஆம் தேதி நிகழ்ச்சிகள்" என்று கேட்டால், நமது 10-ஆம் தேதி அதிகாலை தரிசனம் 9-ஆம் தேதிக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும்.

டல்லாஸில் இருந்து கேட்பவருக்கு இன்னும் சிக்கல். அங்கே கோடைக்கால நேரத்தில் நள்ளிரவு 12 மணி என்பது இங்கே காலை 10.30. "அன்று முதல்" என்று அவர் தன் ஊர் நேரப்படி கேட்டால் முதல் நாள் காலை நிகழ்ச்சிகள் முழுவதும் போய்விடும். துபாயில் நள்ளிரவு என்றால் இங்கே 1.30 மணிதான், அவருக்கு நஷ்டம் குறைவு. எங்கிருந்து கேட்டாலும் நிகழ்ச்சி நடக்கும் ஊரின் நேரத்தைக் குறித்தே கேட்க வேண்டும். தேதியும் நேரமும் எழுதி அதன் முடிவில் கூட்டல் குறி, 05:30 என்று சேர்ப்பது வழக்கம்.

இங்கேதான் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. வலை முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் கூட்டல் குறியைப் பல கணிப்பொறிகள் வெற்றிடமாகப் படிக்கும். நேரம் கெட்டுப்போய், "கோரிக்கை தவறு" என்று 400 என்ற எண்ணோடு பதில் வரலாம். கூட்டல் குறிக்குப் பதிலாகச் சதவீதக் குறி, அடுத்து 2, அடுத்து ஆங்கில 'பி' என்று எழுதினால் சரியாகிவிடும். அமெரிக்காவின் நேரத்துக்குக் கழித்தல் குறி என்பதால் அங்குள்ளவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

புள்ளி வேறு, பரப்பு வேறு

சில சேவைகளில் ஒரு இடத்தைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போட்டுத் தேடலாம். டிக்கெட்மாஸ்டர் என்ற பன்னாட்டு டிக்கெட் நிறுவனத்தின் ஏ.பி.ஐ.யில் இந்த வசதி உண்டு. கிழக்கேகோட்டையை மையமாக வைத்து ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டால் கோயில், நவராத்திரி மண்டபம், குதிரைமாளிகை எல்லாம் உள்ளே வரும். ஆற்றுகால் வெளியே நின்றுவிடும்.

அதைவிட முக்கியமான விஷயம், பட்டியலில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு புள்ளிதான் இருக்கும். பொங்காலை அன்று அடுப்புகள் ஆற்றுகாலில் மட்டுமா இருக்கின்றன? கிழக்கேகோட்டையையும் தாண்டி நகரச் சாலைகள் முழுவதும் இருக்கின்றன. ஆறாட்டும் அப்படித்தான். பட்டியலில் கோயில் பெயர் இருக்கும். ஊர்வலமோ விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அதற்காக ஆண்டுக்கு இரண்டு முறை விமானப் போக்குவரத்தை நிறுத்தி வைக்கிறார்கள். 2022 நவம்பர் 1 அன்று மாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரை ஐந்து மணி நேரம் ஓடுபாதை மூடப்பட்டது. அன்று மாலை விமானத்தில் கிளம்ப எண்ணிய குடும்பத்துக்கு அது வெறும் 'கோயில் நிகழ்ச்சி' ஆகுமா? ஆகவே வட்டத்தைப் பெரிதாகவே போட வேண்டும். வந்த பட்டியலை நாம் உட்கார்ந்து குறைத்துக் கொள்ளலாம்.

பெயர் மாறும், குறியீடு மாறாது

கிழக்கேகோட்டை, கிழக்கே கோட்டை, ஈஸ்ட் ஃபோர்ட், வெறும் ஃபோர்ட் என எல்லாம் ஒரே இடம்தான். திருவனந்தபுரத்தை இன்றும் டிரிவேண்ட்ரம் என்று எழுதுபவர்கள் உண்டு. கோயிலில் 'அல்பசி', 'பைங்குனி' என்று சொல்வது நம் ஐப்பசியும் பங்குனியும்தான். நாம் 'ஐப்பசி' என்று தட்டினால், 'அல்பசி' என்று எழுதி வைத்த நிகழ்ச்சி கணிப்பொறிக்குத் தெரியாது. எழுத்துக்கு எழுத்து பார்ப்பதே அதன் வேலை. ஒரே தேடலை மூன்று நான்கு பெயர்களில் செய்து, விடைகளைச் சேர்த்துக்கொள்வதே வழி.

ரயில்வேயில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. சென்னை சென்ட்ரலுக்குப் பழைய மதராஸ் பெயரிலிருந்து வந்த குறியீடு எம்.ஏ.எஸ். நகரத்தின் பெயர் 1996-லும், ஸ்டேஷனின் பெயர் 2019-லும் மாறின. குறியீடு மாறவில்லை. நிகழ்ச்சிப் பட்டியலிலும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓர் அடையாள எண் இருக்கும். மூன்று பெயர்களில் தேடும்போது ஒரே நிகழ்ச்சி மூன்று முறை வந்தால், இந்த எண்ணை வைத்து இரட்டிப்பை நீக்கலாம்.

நட்சத்திரம் அறியாத காலண்டர்

குதிரைமாளிகையில் நடக்கும் சுவாதி சங்கீதோத்சவம் பெரும்பாலும் ஜனவரி 6 முதல் 12 வரை. இதை "ஆண்டுதோறும்" என்று ஒருமுறை பதிந்தால் போதும். ஆனால் நட்சத்திரத்தைக் கொண்டு வரும் உற்சவத்தை அப்படிப் பதிய முடியாது. காலண்டர்களுக்கான 'ஐகேலண்டர்' என்ற பொது விதிமுறை 1998-ல் வந்தது. ஆங்கிலத் தேதியை வைத்தே அது திரும்பத் திரும்ப வரும் நாட்களைக் கணக்கிட்டது. 2015-ல் சீன, ஹீப்ரு போன்ற காலண்டர்களுக்கும் வழி செய்தார்கள். நம் பஞ்சாங்கத்தின் நட்சத்திரக் கணக்கு அதில் இல்லை. போன ஆண்டின் ஆறாட்டுத் தேதி அப்படியே இந்த ஆண்டிலும் தெரிந்தால் அதை நம்பக் கூடாது.

மாதப் பிறப்பிலும் கவனம் வேண்டும். 2023-ல் நமக்குப் புத்தாண்டு ஏப்ரல் 14. இங்கே விஷு ஏப்ரல் 15. கணக்கும் பிசகவில்லை, அச்சும் பிழையில்லை. சங்கிராந்தி எந்த நேரத்துக்குள் வந்தால் அன்றே மாதம் பிறந்ததாகக் கொள்வது என்பதில் தமிழ்நாட்டுக்கு ஒரு விதி, கேரளத்துக்கு வேறு விதி.

முதல் பக்கம் முழுப் பட்டியல் அல்ல

ஏ.பி.ஐ. எல்லா விடையையும் ஒரே தடவையில் தராது. டிக்கெட்மாஸ்டர் சொல்லாவிட்டால் 20 தரும். கூகுள் காலண்டர் 250 தரும்; கேட்டால் 2500 வரை. மீதி இருந்தால் அடுத்த பக்கத்துக்கு ஒரு சீட்டு கொடுக்கும். அந்தச் சீட்டைக் காட்டி, சீட்டு வராத வரைக்கும் கேட்டுக்கொண்டே போக வேண்டும். வாரந்தோறும் நடக்கும் தமிழ் வகுப்பு போன்றவற்றைத் தனித்தனி நாட்களாகப் பிரித்துத் தரும்படியும் கேட்க வேண்டும். கூகுளில் அப்படிக் கேட்டால்தான் தொடங்கும் நேரப்படி வரிசையும் கிடைக்கும்.

நாம் செய்ய வேண்டியது

இதுவரை சொன்னது கேட்பவர் கடமை. ஆனால் யாரும் எழுதி வைக்காத நிகழ்ச்சியை எந்த ஏ.பி.ஐ.யாலும் தேடித் தர முடியாது. நவராத்திரி மண்டபத்தை எடுத்துக் கொள்வோம். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி ஊர்வலமாக எழுந்தருள, ஒன்பது மாலைகளில் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள் பாடப்படுகின்றன. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, நான்காம் நாள் தோடி, ஒன்பதாம் நாள் ஆரபி. 2006-ல்தான் முதன்முறையாக ஒரு பெண்மணி, பாறசாலை பொன்னம்மாள், அங்கே பாடினார். வெளிநாட்டில் வளரும் பேத்திக்குத் தோடி கேட்க ஆசை என்றால் நான்காம் நாள் வர வேண்டும். "நவராத்திரி கச்சேரி" என்று ஒற்றை வரியில் ஒன்பது நாளையும் எழுதி வைத்தால் அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

ஆகவே நம் சங்கங்களும் சபாக்களும் கோயில் கமிட்டிகளும் நிகழ்ச்சிகளைப் பொதுக் காலண்டரில் பதியும்போது, தொடக்கத்தோடு முடிவு நேரமும், இந்திய நேரம் என்ற குறிப்பும், இடத்தின் எல்லா வழக்குப் பெயர்களும், தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் தலைப்பும், அந்த ஆண்டுக்குரிய தேதியும் எழுத வேண்டும். பல நாள் நிகழ்ச்சியை நாளுக்கு ஒன்றாகப் பதிவது உத்தமம். மாறினாலோ ரத்தானாலோ அன்றே திருத்த வேண்டும். 2021-லும் 2022-லும் கொரோனா காரணமாகப் பொங்காலை வீடுகளிலேயே நடந்தது நினைவிருக்கும். அத்தகைய வேளையில் திருத்தப்படாத பதிவு, பதிவே இல்லாததைவிடக் கெடுதல்.

சிக்னல் கேபினில் ஒவ்வொரு வண்டியும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ரிஜிஸ்டரில் எழுதுவார்கள். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் அந்தப் பதிவை நம்ப முடியாது. நம் நிகழ்ச்சிப் பட்டியலுக்கும் அந்த ஒழுங்கு வந்துவிட்டால், பத்து நாள் லீவில் வரும் பிள்ளைகள் ஒரு நாளையும் வீணாக்காமல் நம் ஊரைப் பார்த்துவிட்டுப் போகலாம். கணிப்பொறி தெரிந்த இளைஞர்கள் ஒவ்வொரு சங்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைப்போம். நட்சத்திரமும் தேதியும் சரிபார்க்கப் பஞ்சாங்கத்துடன் பக்கத்தில் நாம் உட்காருவோம்.