கணிப்பொறிக்கு எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது...

நமது உறுப்பினர் ஒருவர் மண்ணூரில் இரும்புச் சாமான், பெயிண்ட் மொத்த வியாபாரம் செய்கிறார். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பகுதியில் வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர்கள் பலர் அவரிடம் கடனுக்குச் சரக்கு எடுப்பவர்கள். சென்ற ஆண்டு, ஜி.எஸ்.டி. தாக்கலுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, கடைக் கணிப்பொறி 'டப்' என்ற சத்தத்துடன் அணைந்தது. எஸ்.எம்.பி.எஸ். மட்டும் போயிருந்தால் மாற்றிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து போயிற்று. யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு முழுவதும் அதற்குள் இருந்தது. பில் கட்டுகளைப் பிரித்து, வீட்டார் எல்லோருமாக உட்கார்ந்து எழுதி முடிக்க ஒன்பது நாட்கள் ஆயின. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாயும், வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் தனி.

பழுதான பெட்டியை நாம் பார்த்தோம். கொட்டை எழுத்தில் '450 வாட்' என்றிருந்தது. அதன் கீழே பொடி எழுத்திலிருந்த அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர் எனக் கண்டிருந்தது. பெருக்கிப் பார்த்தால் 168 வாட்தான். (அந்த 168ஐயும் நாம் முழுதாக நம்பவில்லை.) இன்றைய கணிப்பொறியில் பிராசஸர், விசிறி, ஹார்டு டிஸ்க் மோட்டார் எல்லாம் மின்சாரம் எடுப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். ஆகவே பெரிய எழுத்தை விட்டு, இந்த வரியைப் படியுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பில்லிங் கணிப்பொறி 100 வாட்டைத் தாண்டுவது அபூர்வம். உண்மையான 300 வாட் தாராளம். பொய்யான 450ஐ விட அது விலை கூடுதலாகத்தான் இருக்கும். எடை போட்டு வாங்கிப் பழகிய நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு: மலிவான பெட்டி கையில் எடுத்தாலே லேசாக இருக்கும், உள்ளே இருக்க வேண்டிய பாகங்கள் பல இராது.

சோதிக்கச் சொன்னால், கடைகளில் 24 ஊசி கனெக்டரின் பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் சிறு கம்பியால் இணைத்து, விசிறி சுற்றுவதைக் காட்டுவார்கள். உயிர் இருக்கிறது என்பது மட்டுமே அதனால் தெரியும். சுமை தூக்குமா என்பது தெரியாது. இன்டெல் நிறுவனம் 1995இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறையில் 5 சதவீத ஏற்ற இறக்கம்தான் அனுமதி. அதாவது மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயர் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை காட்ட வேண்டும். சுமை இல்லாதபோது மட்டமான பெட்டியும் இதைச் சரியாகவே காட்டிவிடும்.

சுமைக்கு எங்கே போவது? இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் தொழிற்சாலைகள் உள்ள ஊரில் ஹெட்லைட் பல்புக்குப் பஞ்சமா? 12 வோல்ட், 55 வாட் ஹாலஜன் பல்பு ஒன்றை (எல்.இ.டி. உதவாது) மஞ்சளுக்கும் கருப்புக்கும் இடையே இணையுங்கள். சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும். சிவப்பு ஒயருக்கும் கொஞ்சம் சுமை வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை மாட்டிவிடுங்கள். பத்து நிமிடம் எரியவிட்டு மீட்டரைப் பாருங்கள். மஞ்சள் 11.4க்குக் கீழே இறங்கினாலோ, தீய்ந்த வாடை வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடலாம். பல்பு குளிர்ந்திருக்கையில் மின்சாரம் பல மடங்கு பாயும். நல்ல பெட்டியே அதனால் ஒருமுறை அணைந்துபோகலாம். அப்போது மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். பல்பின் சூடு கையைப் பொசுக்கும், கவனம். எக்காரணம் கொண்டும் பெட்டியின் மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருந்து விளக்கு அடிக்கடி மங்கும் கடையானால் '100-240' வோல்ட் என்று அச்சிட்ட பெட்டியே நல்லது, '200-240' தாங்காது. கணிப்பொறியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது என்று காலடியில் பலகை போட்டுக்கொள்ளும் கடைகளும் உண்டு. அங்கே பெரும்பாலும் எர்த் இணைப்பு இராது. முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தொழிற்சாலைகள் கழித்துவிடும் கம்பெனிக் கணிப்பொறிகளை வாங்குவோர் கவனிக்க: 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்த டெல் உள்பட, பல கம்பெனிகளின் மாடல்களில் கனெக்டரே வேறு மாதிரி இருக்கும். பச்சை ஒயர் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது. பெட்டி மேலுள்ள பாகத்தின் எண்ணைச் சொல்லியே வாங்க வேண்டும்.

மண்ணூர் உறுப்பினர் இம்முறை பல்பும் மீட்டருமாகச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனார். இரண்டு கடைகளில் "அதெல்லாம் மாட்டக்கூடாது சார்" என்றார்கள். மூன்றாவது கடைக்காரர், தாமே பல்பை வாங்கி மாட்டினார். மீட்டர் 11.9 காட்டியது. மாடல் எண்ணையும் வாரன்டி காலத்தையும் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். இப்போது தினமும் இரவு கடை அடைக்குமுன் கணக்கைப் பென் டிரைவில் ஏற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஷட்டரை இறக்குகிறார்.